நம்ம சொந்த வேலைக்கு மணி அடிப்பது யார்?



போன மாதம் ஒரு தோட்டத்து லயத்திற்குப் போயிருந்தேன். சங்க விஷயம் பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில், வீட்டுக்கார அண்ணன் தயங்கித் தயங்கி ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு பாரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். மடிப்பெல்லாம் பழுப்பேறிக் கிழியத் தொடங்கியிருந்தது. ஊழியர் சேமநிதியில், தமக்குப் பின் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று பெயர் கொடுக்கும் பாரம் அது.

"எப்ப வாங்கினீங்க அண்ணே?"

"ஆச்சு தம்பி, ஆறேழு வருஷம். எழுதணும் எழுதணும்னுதான் இருக்கேன்."

அடுப்படியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார்: "அவரு எழுதி முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கருமாதியே முடிஞ்சிடும் தம்பி!"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் மோட்டாரில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அண்ணன் இருபது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டுகிறவர். இருட்டோடு எழுந்து, கொசுக்கடியில் நிரை முழுவதும் ஓடி ஓடி வெட்டுகிறவர். பெரட்டுக்கு ஒரு நாளும் பிந்தியவர் இல்லை. அவரைப் போய் யாராவது சோம்பேறி என்று சொல்ல முடியுமா? முடியாது. அப்படியானால் ஒரு தாளில் நாலு வரி எழுத ஏழு வருஷம் ஏன் ஆனது?

இன்று இதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

மணி இருந்தால் ஓடுகிறோம்

நம் தாத்தா காலத்திலிருந்து தோட்டத்து வேலை எப்படி நடந்தது? தப்பு அடித்து எழுப்பினார்கள். பிறகு மணி அடித்தார்கள். பெரட்டில் பேர் கூப்பிட்டார்கள். எந்த நிரை, எந்த மரம் என்று கங்காணி சொன்னார். சம்பளக் கணக்கைக் கிராணி எழுதினார். நம் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு விஷயத்தைக்கூட ஆபீசில் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டார். நாம் கை நீட்டிய இடத்தில் நாட்டு வைத்தோம், அவ்வளவுதான்.

இப்படி நாலு தலைமுறை ஓடிவிட்டது. அடுத்தவன் வேலைக்கு மணி அடித்தால் எழுந்து ஓடுவதற்கு நம் உடம்பு பழகிவிட்டது. ஆனால் நம் சொந்த வேலைக்கு யார் மணி அடிப்பது? சொந்த வீடு வேண்டும், லைசென்ஸ் எடுக்க வேண்டும், பிள்ளையைத் தொழிற்கல்விக்கு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் மனசில் இருக்கிறது. அதற்கு மணியும் இல்லை, கங்காணியும் இல்லை. அதனால் அது பிஸ்கட் டின்னிலேயே கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அது பயம். வெளியே சொல்லக் கூச்சப்படுகிற பயம். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் மலாயில் ஏதாவது கேட்டு, நமக்குப் பதில் தெரியாமல் போய்விட்டால்? பாரத்தில் தப்பாக எழுதிவிட்டால்? கையெழுத்துக் கோணலாகப் போய்விட்டால்? பின்னால் நிற்கிறவர்கள் சிரித்துவிட்டால்?

இந்தப் பயம் எனக்கும் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டு முடித்து, டவுன் இடைநிலைப் பள்ளிக்குப் போனவன் நான். புதுமுக வகுப்பில் ஒரு வருஷம் முழுக்க நான் கை தூக்கவே இல்லை. பதில் தெரிந்தும் தூக்கவில்லை. "தெரியாது" என்று உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்தது. பெரியவர்கள் ஆன பிறகு அதையே வேறு மாதிரிச் சொல்கிறோம்: "நாளைக்குப் பாத்துக்கலாம்."

நாளைக்கு என்றதால் போனவை

நாளை என்று தள்ளியதற்கு நம் சமுதாயம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1957-இல் சுதந்திரம் வந்தபோது, இந்த நாட்டில் குடியிருந்தவர்கள் குடியுரிமைக்கு மனுச் செய்ய வழி இருந்தது. முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தவர்களில் பலருக்கு மொழிச் சோதனை இல்லை என்ற சலுகையும் இருந்தது. எத்தனையோ பேர் போய்ப் பதிந்துகொண்டார்கள். எத்தனையோ பேர் போகவில்லை. என் தாத்தா பதிந்தார். அவருடைய தம்பி, "சிவப்புக் கார்டு இருந்தா என்ன, மரம் பால் குடுக்காதா?" என்று கேட்டாராம்.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் தோட்டத்தில் வேலை செய்ய முடியாமல் போனது. பல்லாயிரம் பேர் கப்பல் ஏறினார்கள். சின்னத் தாத்தாவும் பினாங்கில் கப்பல் ஏறினார். பிறகு அவரை எங்கள் குடும்பத்தில் யாரும் பார்க்கவே இல்லை.

எல்லாப் பழியையும் அந்த ஜனங்கள் தலையில் போட நான் தயாராக இல்லை. ஒரு நாள் லீவு கேட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். டவுன் தூரம். எடுத்துச் சொல்ல ஆளில்லை. எத்தனையோ தோட்டங்களில் இந்தச் சேதி சரியாகப் போய்ச் சேரவும் இல்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் ஒரே லயத்தில், ஒரே சம்பளத்தில் இருந்த அண்ணன் போனார், தம்பி போகவில்லை. அதுவும் உண்மைதானே?

இன்றைக்கும் இதே கதைதான். வேலையிலிருந்து அநியாயமாக நிறுத்தப்பட்டவர், மீண்டும் வேலை கேட்டு 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும் என்பது 1967-ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு நாள் பிந்தினாலும் கதவு மூடிக்கொள்ளும். சில வருஷத்துக்கு முன் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். நியாயம் முழுக்க அவர் பக்கம் இருந்தது. ஆனால் அவர் வந்தது அறுபத்தேழாவது நாள்.

"ஏன் தம்பி இத்தனை நாள்?"

"துரை மனசு மாறிக் கூப்பிடுவாருன்னு பாத்தேண்ணே. அப்புறம் தீபாவளி வந்துச்சு. அப்புறம் உங்ககிட்ட வர வெக்கமாப் போச்சு."

நான் என்ன செய்ய முடியும்? தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

என் வீட்டிலும் நடந்தது

ஊருக்கு உபதேசம் செய்கிற என் வீட்டிலேயே இது நடந்தது. அப்பா கல்யாணத்துக்கு முன்பே சேமநிதியில் தாத்தா பெயரைக் கொடுத்திருந்தார். தாத்தா இறந்தார். பெயர் கொடுக்கப்பட்டவர் முன்னதாகவே இறந்துவிட்டால் அந்தப் பெயர் செல்லாது. இது எனக்குத் தெரியும். தோட்டம் தோட்டமாகப் போய் மற்றவர்களுக்குச் சொன்னவனே நான்தான். "அப்பா, ஒரு நாள் போய் மாத்திடலாம்" என்று ஐந்து வருஷம் சொன்னேன். அந்த "ஒரு நாள்" எது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அப்பா மாரடைப்பில் போன பிறகு, அம்மா எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினார், எத்தனை தாளுக்கு அலைந்தார் என்று எனக்குத்தான் தெரியும். பணம் கடைசியில் வந்தது. ஆனால் கருமாதிச் செலவுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டி முடித்த பிறகுதான் வந்தது. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நம்மை நாமே கெடுத்துக்கொள்வது

தள்ளிப் போடுவது ஒரு பக்கம். வேலையைத் தொடங்கிவிட்டு நாமே கெடுத்துக்கொள்வது இன்னொரு பக்கம். லீவு போட்டு, பஸ் ஏறி, ஆபீஸ் வாசல் வரைக்கும் போவோம். உள்ளே கூட்டத்தைப் பார்த்ததும் எதிரில் உள்ள கோப்பிக் கடைக்குத் திரும்பிவிடுவோம். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ரொம்பக் கூட்டம்" என்போம். அலை ஓய்ந்த பிறகு குளிக்கலாம் என்று கடற்கரையில் உட்கார்ந்தவன் கதைதான் இது.

சில பேர் நேர்மாறாகச் செய்வார்கள். தீபாவளி முடிந்த கையோடு பெரிய சபதம்: குடியை விடுவேன், மாதம் 300 வெள்ளி சேர்ப்பேன், மலாய் படிப்பேன், எல்லாம் நாளையிலிருந்தே! பத்து நாளில் ஒன்று தவறும். "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று மூன்றையும் சேர்த்து விட்டுவிடுவார்கள்.

பால் மரம் வெட்டுகிற கைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் நிறையப் பால் எடுக்கலாம் என்று ஆழமாக வெட்டினால் என்ன ஆகும்? மரத்தில் காயம் படும். பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் உளி ஓடாது. மெல்லிசாக, பட்டையை மட்டும் சீவி, முறை தவறாமல் வெட்டினால்தான் மரம் வருஷக்கணக்கில் பால் கொடுக்கும். நம் சொந்தக் காரியமும் அப்படியேதான்.

ஓர் அக்காவின் கதை

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். வயசு நாற்பத்து நாலு. புருஷன் இல்லை. மூத்த மகன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மலிவு விலை வீடு ஒன்று வாங்க வேண்டும் என்று பத்து வருஷமாக ஆசை. தோட்டத்து வேலை முடிகிற நாளில் லயத்து வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே!

"ஏன்க்கா இன்னும் மனுப் போடல?" என்று கேட்டேன். முதலில் பணம் இல்லை என்றார். பிறகு மகன் கல்யாணம் முடியட்டும் என்றார். ரொம்ப நேரம் கழித்துத்தான் உண்மை வந்தது.

"எனக்குக் கையெழுத்துப் போட வராது தம்பி. பேங்குல பத்து எடத்துல போடணுமாமே."

பத்து வருஷத்துக்கு அதுதான் காரணம்! வீட்டு விலை இல்லை, சம்பளம் இல்லை, ஒரு கையெழுத்து.

நாலாம் ஆண்டு படிக்கிற கடைசி மகள் வாத்தியார் ஆனாள். தினம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய நோட்டில் பத்துத் தடவை. அதற்கு மேல் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஒன்றரை மாதத்தில் கையெழுத்து வந்துவிட்டது. அதற்குப் பிறகு சம்பளத்துக்குச் சம்பளம் ஒரே ஒரு காரியம். ஒரு மாதம் சம்பளச் சீட்டுகளைச் சேர்த்தார். அடுத்த மாதம் சேமநிதிக் கணக்கை எடுத்து, வீட்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டு வந்தார். அதற்கடுத்த மாதம் மனு. பக்கத்து வீட்டுப் பெண்ணும் கூடவே மனுப் போட்டாள். யாருக்காவது மனம் தளர்ந்தால் மற்றவள் வந்து கதவைத் தட்டுவாள். நடுவில் ஒரு மனு திரும்பி வந்தது. அக்கா இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு, மகனோடு சேர்ந்து கடன் எடுத்து வீட்டுச் சாவி வாங்கினார். சின்ன வீடுதான். கடன் இன்னும் ஓடுகிறது. ஆனால் "வெளியே போ" என்று சொல்ல இனி யாரும் இல்லை.

கதவைத் தட்ட ஓர் ஆள்

ஒன்று கவனித்தீர்களா? கூட்டுப் பணம் கட்ட நம்மவர்கள் மறப்பதே இல்லை. ஏன்? மாதா மாதம் ஆள் வந்து வாசலில் நிற்கும். (கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பணத்தைப் பறிகொடுத்தவர்கள் என்னிடம் வந்து அழுததும் உண்டு. அந்தப் பக்கம் போகாதீர்கள்!) ஆனால் அதிலுள்ள பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். கேட்க ஓர் ஆள் இருந்தால் காரியம் நடக்கும்.

1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் இதைத்தான் செய்தார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலம் அது. 100 வெள்ளிப் பங்கை 10 வெள்ளித் தவணையில் கட்டலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த அந்தப் பணத்தில்தான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர் கைக்கு வந்தது. மொத்தப் பணமும் ஒரே நாளில் கொண்டு வா என்றிருந்தால் யார் வந்திருப்பார்கள்?

ஆகவே தோழர்களே, நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் மனசில் கிடக்கும் காரியத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். "ஒரு நாள்" என்று சொல்லாதீர்கள். காலண்டரில் தேதியை வட்டம் போடுங்கள். அந்த வேலையின் முதல் சின்னத் துண்டை மட்டும் அன்றைக்குச் செய்யுங்கள். தனியாகப் போகாதீர்கள். ஒரு கூட்டாளியிடம் சொல்லி, கதவைத் தட்டச் சொல்லுங்கள். ஒரு மாதம் தவறிவிட்டால் அடுத்த மாதம் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். மழை பெய்து ஒரு நாள் வெட்டு நின்றால் மரத்தையா வெட்டிச் சாய்க்கிறோம்?

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மூன்று தாளைத் தேடிப் பாருங்கள். சேமநிதியில் கொடுத்த பெயர் இன்று உயிரோடு இருப்பவர் பெயர்தானா? பிள்ளைகள் எல்லாருக்கும் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா? தீபகற்ப மலேசியாவில் பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். 12 வயது ஆன பிள்ளைக்கு அடையாளக் கார்டு எடுத்தாயிற்றா?

அந்த பிஸ்கட் டின் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. மறு வாரமே வேலை முடிந்த கையோடு அவரை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனேன். வரிசையில் காத்திருந்த நேரம் போக, கவுண்டரில் வேலை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. அந்தப் பழைய பாரம்கூடத் தேவைப்படவில்லை. அடையாளக் கார்டு, பெருவிரல் ரேகை, அவ்வளவுதான். வெளியே வந்து கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"இதுக்காடா தம்பி ஏழு வருஷம் பயந்தேன்?" என்றார்.

கோப்பிக் கடைக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். காசும் அவர்தான் கொடுத்தார். வேலையை முடித்துவிட்டுக் குடிக்கிற கோப்பிக்கு ருசியே தனி!