புண் ஆறினால் நோய் தீர்ந்ததாகுமா?

“புண் ஒன்று வந்தது டாக்டர், தானாகவே ஆறிவிட்டது.” வெளிநோயாளர் பிரிவில் நிம்மதியுடன் சொல்லப்படும் இச்சொற்களே எங்களுக்குக் கவலை அளிப்பவை. சிபிலிஸ் எனப்படும் கிரந்தி நோயில், புண் ஆறுவது நோய் தீர்ந்ததற்கு அடையாளம் அன்று.

நோயின் போக்கு

ட்ரெபோனிமா பாலிடம் என்னும் சுருள் வடிவக் கிருமியால் இந்நோய் உண்டாகிறது. இது பெரும்பாலும் உடலுறவின் மூலமும், கருவுற்ற தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. கிருமி உடலினுள் புகுந்த 10 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், பிறப்புறுப்பிலோ வாயிலோ ஆசனவாயிலோ வலியற்ற புண் தோன்றும். பெண்களுக்கு அது உட்புறத்தில் தோன்றினால் தெரியாமலே போய்விடக்கூடும். மருந்தின்றியே சில வாரங்களில் அது மறையும்.

அதன்பின் உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடலெங்கும் தடிப்புகள், காய்ச்சல், நெறிக்கட்டு ஆகியவை வரலாம். அவையும் தாமாகவே அடங்கும். பின்னர் எவ்வித அறிகுறியுமின்றி நோய் ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கியிருக்கும். சிகிச்சை பெறாதோரில் சிலருக்குப் பிற்காலத்தில் இதயத்தின் பெருந்தமனியும் மூளையும் நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன.

சிகிச்சை

1943 முதல் இந்நோய்க்குப் பயன்பட்டுவரும் பென்சிலினே இன்றும் சிறந்த மருந்தாகும். தொடக்க நிலையில் 24 இலட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின் ஊசியை ஒரே முறை தசையில் செலுத்தினால் போதும். தொற்று நாட்பட்டதாயினும், எப்போது ஏற்பட்டது என அறிய இயலாவிடினும், வாரம் ஒன்றாக மூன்று முறை போட வேண்டும். முதல் ஊசியுடன் நிறுத்திவிடுவது சிகிச்சையை முடித்ததாகாது.

ஊசி போட்ட முதல் நாளில் சிலருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். கிருமிகள் அழியும்போது நிகழும் எதிர்வினை இது. பெரும்பாலும் ஒரே நாளில் தணிந்துவிடும். முன்பு எப்போதேனும் பென்சிலின் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் ஊசிக்கு முன்னரே தெரிவியுங்கள். மாற்று மருந்துகள் உள்ளன.

துணைவருக்கும் சிகிச்சை

ஒருவர் மட்டும் மருந்து பெற்றால், மற்றவரிடமிருந்து நோய் மீண்டும் தொற்றிவிடும். ஒருமுறை வந்து குணமானதால் எதிர்ப்பாற்றல் கிடைத்துவிடுவதில்லை. எனவே இருவரும் பரிசோதிக்கப்பட வேண்டும். சிகிச்சை முடிந்து, புண்கள் முற்றிலும் ஆறும் வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும்.

இவ்விடத்தில்தான் பல குடும்பங்கள் கலங்கி நிற்கின்றன. “யாரிடமிருந்து வந்தது?” என்னும் கேள்விக்கு இரத்தப் பரிசோதனை விடையளிக்காது. திருமணத்திற்குப் பல ஆண்டுகள் முன்பே ஏற்பட்ட தொற்றும் இன்று முதன்முறையாகத் தெரியவரலாம். பரிசோதனைத் தாளை மட்டுமே சான்றாகக் கொண்டு ஒருவர் மீது பழி சுமத்துவது முறையன்று. துணைவரிடம் எவ்வாறு தெரிவிப்பது எனத் தயங்குவோர் எங்களிடம் சொல்லலாம். ஆலோசகர் முன்னிலையில் பேச வழியுண்டு.

கருவுற்றிருக்கும்போது

சிகிச்சை பெறாத தாய்க்குக் கருச்சிதைவோ, குழந்தை இறந்து பிறத்தலோ, பிறவி நோயோ நேரலாம். ஆகவே கர்ப்பத்தின் முதல் வருகையிலேயே இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. தாயையும் கருவையும் ஒருசேரக் காக்கவல்ல மருந்து பென்சிலின் ஒன்றே. தாய்க்கு அதில் ஒவ்வாமை இருப்பின், மருத்துவமனைக் கண்காணிப்பில் மிகச் சிறிய அளவிலிருந்து தொடங்கி உடலைப் பழக்கி, பிறகு முழு மருந்தையும் அளிக்கிறோம். பேறுகாலத்திற்கு ஒரு மாதம் முன்னரேனும் சிகிச்சை முடிந்திருப்பது அவசியம்.

மறுபரிசோதனை

ஊசியுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. 3, 6, 12 மாதங்களில் வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். பரிசோதனை செய்ய வேண்டும். முன்பு 1:32 என இருந்தது 1:8 ஆகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தால் மருந்து வேலை செய்துள்ளது எனக் கொள்கிறோம். டி.பி.எச்.ஏ. என்னும் மற்றொரு பரிசோதனையோ குணமான பிறகும் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் ‘பாசிட்டிவ்’ என்றே காட்டும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். சிகிச்சை பெற்ற தேதி குறித்த சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அது பின்னாளில் தேவையற்ற மறு சிகிச்சையைத் தவிர்க்கும். எச்.ஐ.வி. பரிசோதனையையும் உடன் செய்துகொள்வது நலம்.

குடும்பத்தாருக்கு

சாப்பாட்டுத் தட்டு, துணிமணி, கழிப்பறை ஆகியவற்றின் வழியே இந்நோய் பரவாது. நோயாளியைத் தனித்து ஒதுக்கத் தேவையில்லை. அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் இதற்கான ஆலோசனையும் சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும்.

இது குணப்படுத்தக்கூடிய நோய். கூச்சத்தால் கடந்துபோகும் மாதங்களே அதைக் கடுமையாக்குகின்றன. ஆறிப்போன புண்ணைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.