முதல் இருபது நிமிடம் நம்முடையது!

வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, மோட்டார் ரூம்... தீ வராமல் இருக்க என்ன செய்வது? வந்துவிட்டால், வண்டி வரும்வரை என்ன செய்வது?

மாசி, பங்குனி மாதங்களில் இரவு நேரத்தில் திருவண்ணாமலைப் பக்கம் வந்தவர்கள் பார்த்திருக்கலாம். மலைச் சரிவில் சிவப்பாக ஒரு கோடு நெளிந்துகொண்டிருக்கும். வெளியூர்க்காரர்கள் ஏதோ விளக்கு வரிசை என்று நினைத்து நடந்துவிடுவார்கள். மலையை ஒட்டியே வீடும் நிலமுமாக இருக்கும் அடி அண்ணாமலைக்காரர்களுக்கு அது என்னவென்று தெரியும். காய்ந்த புல் எரிகிறது.

நெருப்பைத் தெய்வமாகக் கும்பிடுகிற ஊர் இது. பஞ்சபூதத் தலங்களில் அக்னித் தலம். கார்த்திகையில் 2,668 அடி உயர மலை உச்சியில் தீபம் ஏறும்போது, கீழே பிள்ளைகள் மாவளி சுற்றுவார்கள். ஆனால், கும்பிடுகிற நெருப்பு வேறு, கொட்டகையில் பிடிக்கிற நெருப்பு வேறு. இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மலையில் தீ பிடித்தால் தீயணைப்பு வண்டி மேலே ஏற முடியாது. வனத்துறை ஊழியர்களும் தன்னார்வலர்களும் கால்நடையாக ஏறி, பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்துத்தான் அணைக்க வேண்டும். அதனால்தான் கோடைக்கு முன்பே புல்லைச் செதுக்கி, அகலமான வெற்றுப் பாதை எடுத்து வைக்கிறார்கள். எரிந்து வரும் தீ அந்த இடத்தில் தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். தீ வந்த பிறகு ஓடுவதைவிட, வருவதற்கு முன்பே அதற்குத் தீனி இல்லாமல் செய்வது சுலபம். மலைக்குப் பொருந்துகிற இந்தக் கணக்கு நம் களத்துமேட்டுக்கும் பொருந்தும்.

'எல்லாம் எரிஞ்ச பிறகுதான் வரும்!'

தீயணைப்பு வண்டியைப் பற்றி எந்த ஊர் டீக்கடையில் பேச்செடுத்தாலும் வருகிற முதல் வார்த்தை இதுதான். எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நான் பள்ளியில் படித்த காலம். ஒரு மாலை, எங்கள் வைக்கோல் போரில் தீ பிடித்தது. தெருவே குடமும் பக்கெட்டுமாக ஓடி வந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றினோம். போரின் மேல் ஊற்றிய தண்ணீர் கூரையில் விழுந்த மழை மாதிரி வழிந்து ஓடியதே தவிர, உள்ளே இறங்கவில்லை. 'நாமே அணைச்சிடலாம்' என்ற நம்பிக்கையில் அரை மணி நேரம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஒருவர் போன் செய்தார். வண்டி ஊருக்குள் வந்தது. ஆனால், எங்கள் சந்தின் முனையில் நின்றுவிட்டது. அங்கே ஒரு டிராக்டர் டிரெய்லர் நின்றிருந்தது. அதன் சாவி யாரிடம் என்று தேடுவதற்குள் கொட்டகையின் கூரையிலும் தீ ஏறிவிட்டது. இரண்டு கறவை மாடுகளைக் காப்பாற்ற முடியவில்லை.

அன்று இரவு முழுக்க ஊரே தீயணைப்புக்காரர்களைத் திட்டியது. நானும்தான். பல வருடங்கள் கழித்து யோசித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. போன் செய்யத் தாமதித்தது நாங்கள். சந்தில் டிரெய்லரை நிறுத்தியது நாங்கள். கொட்டகைக்குப் பத்தடியில் போர் போட்டதும் நாங்கள்தான்.

இருபது நிமிடக் கணக்கு

தீயணைப்பு நிலையங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்லும் தீயணைப்பு ஆலோசனைக் குழு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. நகரமாக இருந்தால் சில நிமிடங்களில் வண்டி போய்ச் சேர வேண்டும். கிராமமாக இருந்தால் 20 நிமிடம்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். எல்லாம் சரியாக நடந்தாலே 20 நிமிடம். காய்ந்த கீற்றுக் கூரை முழுசாகப் பற்றிக்கொள்ள அதில் கால்வாசி நேரம்கூட வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையல்கூடத்துக் கீற்றுக் கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதே ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கம் திருமண மண்டபத் தீயிலும் கீற்றுப் பந்தல்தான் எரிந்தது. கீற்றுக்குத் தீ பிடித்தால் வெளியே ஓடுவதற்கே நேரம் போதாது என்பதை இந்த இரண்டும் நமக்குக் கற்றுக்கொடுத்தன.

அடி அண்ணாமலை போன்ற ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஊர் இருப்பது 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில். பௌர்ணமி இரவில் அந்தச் சாலை முழுக்க மனிதத் தலைகள்தான். அந்த நேரத்தில் எந்த வண்டியாக இருந்தாலும் ஊர்ந்துதான் வர முடியும். திருவிழா நடக்கும் எல்லா ஊருக்கும் இது பொருந்தும்.

ஆகவே, முதல் இருபது நிமிடம் நம்முடையது. அதன் பிறகுதான் அவர்களுடையது.

தீக்கு மட்டுமல்ல...

துறையின் முழுப் பெயரே தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. நம்மைப் போன்ற விவசாயிகள் தீக்காகக் கூப்பிடுவதைவிட, கிணற்றில் விழுந்த மாட்டுக்காகக் கூப்பிடுவதுதான் அதிகம் என்று தோன்றும். வீட்டுக்குள் புகுந்த பாம்பு, மரத்தில் கூடு கட்டிய கதண்டு என்று எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் வருகிறார்கள்.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச் சரிவு சரிந்து, வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் வீட்டின் மேல் விழுந்தன. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். எந்த நேரமும் மேலும் சரியக்கூடிய அந்தச் சேற்றில், தேசியப் பேரிடர் மீட்புப் படையோடு நின்று தேடியவர்களில் தீயணைப்பு வீரர்களும் உண்டு.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் கடைப்பிடிக்கிறார்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்தும் பருத்திப் பொதிகளும் ஏற்றி நின்ற ஒரு கப்பலில் தீ பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் வெடிப்பில் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரம். அந்த வாரத்தில் நிலையங்கள் செயல்விளக்கம் நடத்துகின்றன. கிராம சபையிலோ, பால் சொசைட்டியிலோ பேசி, உங்கள் ஊருக்கும் ஒரு செயல்விளக்கம் கேட்டு மனு கொடுங்கள். ஆபத்துக்கு முன்பே முகம் தெரிந்திருப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

கூப்பிடுவதிலும் முறை இருக்கிறது

தீ என்று தெரிந்த நிமிடமே 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். அணைத்துவிட்டால் 'வேண்டாம், அணைந்துவிட்டது' என்று திரும்பச் சொல்லிக்கொள்ளலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் பகுதி நிலையத்தின் நேரடி எண்ணையும் இன்றே கேட்டு வாங்கி, வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

பதற்றத்தில் 'தீ, தீ, சீக்கிரம் வாங்க' என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். ஊர் பெயர், தெரு, வண்டிக்காரருக்குத் தெரிந்த அடையாளம், எரிவது என்ன, உள்ளே ஆள் அல்லது மாடு உண்டா, பக்கத்தில் கிணறு உண்டா, எந்த வழியில் வண்டி நுழையும்... இத்தனையும் சொல்லுங்கள். ஒருவரை மெயின் ரோட்டில் கையில் டார்ச் லைட்டோடு நிறுத்துங்கள்.

வழியும் தண்ணீரும்

ஒரு தீயணைப்பு வண்டியில் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். பெரிய தீ என்றால் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். பிறகு அவர்கள் தேடுவது நம் கிணற்றையும் ஏரியையும்தான். கிணற்று மேட்டுக்கு 10-12 அடி அகலத்தில் வண்டிப் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி இருந்தால் மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள். சந்து முனையில் இரவில் எந்த வண்டியையும் நிறுத்துவதில்லை என்று தெருக்காரர்கள் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கோல் போர்

வீட்டுக்கும் கொட்டகைக்கும் குறைந்தது 50 அடி தள்ளி, மின்கம்பிக்கு அடியில் வராமல் போடுங்கள். ஒரே பெரிய போராகப் போடாமல், இடைவெளி விட்டு இரண்டு மூன்றாகப் போட்டால், ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும். சுற்றிலும் சருகு, குப்பை இல்லாமல் செதுக்கி விடுங்கள். மல்லாட்டைக் கொடிக்கும் இதே முறைதான்.

ஈர வைக்கோலை ஒருபோதும் அடுக்காதீர்கள். ஈரம் இருந்தால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகி சூடேறும். யாரும் கொள்ளி வைக்காமலேயே சில நாள்களில் புகையத் தொடங்கிவிடும். சந்தேகம் வந்தால் ஒரு நீளமான கம்பியைச் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால், நீங்களாகப் பிரிக்க வேண்டாம். காற்று பட்டதும் குப்பென்று பிடிக்கும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, அவர்கள் தண்ணீரோடு நிற்கும்போது பிரியுங்கள்.

மாட்டுக் கொட்டகை

மாட்டைக் கட்டும்போது ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போடுங்கள். கொட்டகையின் வெளித் தூணில் ஓர் அரிவாள் எப்போதும் செருகி இருக்கட்டும். அவிழ்க்க முடியாவிட்டால் கயிற்றை வெட்டிவிடலாம். வெளியே ஓட்டிய மாட்டைத் தூரத்தில் கட்டி வையுங்கள். மிரண்ட மாடு பழகிய இடம் என்று எரிகிற கொட்டகைக்கே திரும்பி ஓடும். கொசுவுக்குப் புகை போட்டால், மண் சட்டியில் போட்டு, தணல் ஆறும்வரை ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

மோட்டார் ரூமும் அடுப்பங்கரையும்

மின்சாரத்தில் பிடித்த தீக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. முதலில் மெயினை அணையுங்கள். பிறகு உலர்ந்த மணலைப் போடுங்கள். ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பது தீயை நாமே அழைத்து வைப்பது போல. மோட்டார் ரூமில் சாக்கு, டீசல் கேன் வேண்டாம்.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்துத் தட்டு போட்டு மூடுங்கள். கேஸ் வாசம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

தோகை எரிப்பு

கரும்புத் தோகையை எரிப்பது மண்ணின் சத்தை எரிப்பதுதான். மூடாக்காகப் பரப்பினால் ஈரமும் நிற்கும், உரமும் ஆகும். மலையடிவாரத்திலும் காட்டோரத்திலும் கொளுத்தவே கூடாது. ஒரு பொறி மேலே ஏறினால், வருடக்கணக்கில் வளர்ந்த மரக்கன்றுகள் ஒரே இரவில் போய்விடும். காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமும்கூட.

வாசகர் கேள்விகள்

தீயணைப்பு வண்டி வந்தால் பணம் கட்ட வேண்டுமா?

தீ என்று கூப்பிட்டால் கட்டணம் கிடையாது. பணம் கேட்பார்களோ என்று பயந்து கூப்பிடாமல் இருக்க வேண்டாம்.

தீயணைப்புக் கருவி வாங்கி வைத்தால் போதுமா?

மோட்டார் ரூம், டிராக்டர் நிறுத்தும் இடம் இரண்டுக்கும் ஏ.பி.சி. பவுடர் வகை நல்லது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பின்னை உருவி, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து, அழுத்தி, இடமும் வலமுமாக வீசுங்கள். அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதால் ஆரம்பத் தீக்குத்தான் உதவும். உள்ளே கனலும் வைக்கோல் போருக்கு இது போதாது.

உடையில் தீ பிடித்தால்?

ஓடக்கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். கனமான பருத்திப் போர்வையால் மூடலாம். காயத்தின் மேல் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள். இட்லி மாவு, பேஸ்ட், மை எதுவும் தடவாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

மாடு கிணற்றில் விழுந்துவிட்டது. நாங்களே இறங்கலாமா?

வேண்டாம். முடிந்தால் மேலிருந்தே கயிறு போட்டு, மாட்டின் தலை தண்ணீருக்கு மேல் நிற்கும்படி பிடித்துக்கொண்டு 101-க்குச் சொல்லுங்கள். பாழுங்கிணறாக இருந்தால் நச்சுக்காற்று இருக்கலாம். இறங்கியவர் மயங்கினால், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கி இரண்டு உயிரும் போகும்.

காப்பீடு கேட்டால் என்ன ஆதாரம் வேண்டும்?

தீயணைப்பு நிலையத்தில் தீ அறிக்கை கேட்டு வாங்குங்கள். நாமே அணைத்துவிட்டோம் என்று தகவலே சொல்லாமல் இருந்தால் இந்த அறிக்கை கிடைக்காது. குடிசையோ மாடோ போயிருந்தால், வி.ஏ.ஓ.வுக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே தெரிவியுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது போர் களத்துமேட்டின் அந்தக் கோடியில் இருக்கிறது. கொட்டகைத் தூணில் அரிவாள் இருக்கிறது. சந்து முனையில் யாராவது டிரெய்லரை நிறுத்தினால், என் அம்மாவே போய்ச் சத்தம் போடுவார். இந்த இதழைப் படித்து முடித்ததும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எழுந்து போய், உங்கள் வைக்கோல் போருக்கும் கொட்டகைக்கும் இடையே எத்தனை அடி என்று காலால் அளந்து பாருங்கள்.