மரம் யாருக்காக ஆக்சிஜன் தருகிறது?

"மரங்கள் ஆக்சிஜனை வெளியிடுவது விலங்குகள் சுவாசிப்பதற்காக." இந்த வாக்கியம் சரியா, தவறா? மூன்று விநாடிக்குள் சொல்லுங்கள்.

சரி என்று சொன்னவர்கள் வெட்கப்பட வேண்டாம். விடைத்தாள் திருத்தும்போது ஆண்டுதோறும் இதைப் பார்க்கிறேன். ஆனால் மதிப்பெண் கிடைக்காது. ஒளிச்சேர்க்கையில் மரம் தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தயாரித்துக்கொள்கிறது. அதற்காக நீர் மூலக்கூறுகளைப் பிளக்கிறது. அப்போது மிஞ்சுவதுதான் ஆக்சிஜன். மரத்தைப் பொறுத்தவரை அது கழிவு. நம்மைப் பற்றி மரம் யோசித்ததே இல்லை.

அமெரிக்க உளவியலாளர் டெபரா கெலமன் இப்படிப்பட்ட வாக்கியங்களை வைத்துப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். பாறைகள் ஏன் கூராக இருக்கின்றன என்று சிறுவர்களிடம் கேட்டார். மண்ணும் தூசியும் காலப்போக்கில் படிந்து அப்படி ஆனது என்ற விளக்கத்தைவிட, விலங்குகள் உடம்பைச் சொறிந்துகொள்வதற்காக என்ற விளக்கமே அவர்களுக்குப் பிடித்திருந்தது. சின்னப் பிள்ளைகள்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் 2013இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் பங்கெடுத்தவர்கள் அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த விஞ்ஞானிகள். யோசிக்க நேரம் கொடுத்தபோது அவர்கள் நன்றாகவே பதில் சொன்னார்கள். அவசரப்படுத்தியபோது, "இதற்காகத்தான் அது இருக்கிறது" என்ற வகைத் தவறான விளக்கங்களை அதிகமாக ஏற்றுக்கொண்டார்கள்.

பட்டம் பெற்றாலும் மூளையின் பழைய பழக்கம் போவதில்லை என்று தெரிகிறது. "எப்படி நடந்தது?" என்று கேட்பதற்கு முன்பே அது "எதற்காக?" என்று கேட்டுவிடுகிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? காட்டில் நடந்துபோகும் ஓர் ஆதி மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். புதர் சலசலக்கிறது. காற்றாக இருக்கலாம், பாம்பாகவும் இருக்கலாம். பாம்பு என்று நினைத்து ஓடி, அது வெறும் காற்றாக இருந்தால் நட்டம் ஒன்றுமில்லை, கொஞ்சம் மூச்சிரைக்கும். காற்று என்று நினைத்து நின்று, அது பாம்பாக இருந்தால் கதை முடிந்தது. அதனால், இல்லாததையும் இருப்பதாகக் காணும் மூளைக்கே பிழைத்து வாழும் வாய்ப்பு அதிகம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிமார் சொல்வதும் இதைத்தான். என்ன, அந்த அரண்டவரின் வாரிசுகள்தான் நாம் எல்லாரும்.

தொடர்பு தேடும் பழக்கம் மனிதர்களுக்கு மட்டும்தானா? 1948இல் பி.எஃப். ஸ்கின்னர் பசியோடிருந்த எட்டுப் புறாக்களைத் தனித்தனிக் கூண்டுகளில் வைத்தார். அவை என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் தானியம் வந்துகொண்டே இருந்தது. சில நாளில் ஆறு புறாக்கள் விநோதமான பழக்கங்களைப் பிடித்துக்கொண்டன. ஒன்று இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொன்று கூண்டின் மேல்மூலையில் தலையை முட்டியது. தான் சுற்றியதால்தான் தீனி வந்தது என்று அந்தப் புறா கற்றுக்கொண்டதாக ஸ்கின்னர் விளக்கினார். 1971இல் ஸ்டாடன், சிமல்ஹாக் என்ற இருவர் இதை மறுபடி செய்து பார்த்து, அந்த அசைவுகளில் பல, தீனிக்காகக் காத்திருக்கும் எந்தப் புறாவும் இயல்பாகவே செய்பவை என்று காட்டினார்கள். ஆகவே ஸ்கின்னரின் விளக்கம் இன்று சர்ச்சைக்குரியது. விளக்கங்களைத் தேடுவதில் விஞ்ஞானிகளும் அவசரப்படுவார்கள் என்பதற்கு இதையே உதாரணமாகக் கொள்ளலாம். இருந்தாலும், தேர்வு மண்டபத்துக்கு ஒரே ராசியான பேனாவை எடுத்துப்போகிறவர்கள் அந்தப் புறாவைப் பார்த்து அதிகம் சிரிக்க வேண்டாம்.

இதுவரை சொன்னது பயத்தையும் பசியையும் பற்றி. ஆனால் மனிதனின் அர்த்தத் தேடல் அதோடு நிற்கவில்லை. ரஷ்யாவில் சுங்கிர் என்ற இடத்தில் ஏறத்தாழ 34,000 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அதில் இரண்டு பிள்ளைகள். அவர்கள்மேல் மாமத யானைத் தந்தத்தில் செய்த 10,000க்கும் மேற்பட்ட மணிகள். ஒரு மணியைச் செதுக்க ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் உழைத்தால், மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உறைபனிக் காலத்தில், அன்றாடம் வேட்டையாடிப் பிழைத்தவர்கள் அந்த உழைப்பைக் குழிக்குள் வைத்து மூடினார்கள். அவர்கள் என்ன நம்பினார்கள் என்பது நமக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகளை வெறும் உடலாக அவர்களால் பார்க்க முடியவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

அப்படியானால் கடவுள் நம்பிக்கை என்பது மூளையின் தந்திரம்தானே என்று உங்களில் சிலர் இந்நேரம் முடிவுகட்டியிருப்பீர்கள். அவசரம் வேண்டாம். ஒரு நம்பிக்கை எப்படித் தோன்றியது என்பது ஒரு கேள்வி, அது உண்மையா என்பது வேறு கேள்வி. சுவரிலுள்ள பிளக்கின் மூன்று துளைகளில் முகம் தெரிகிறது. அங்கே முகம் இல்லை. பசியும் பரிணாமம் தந்த உணர்வுதான். ஆனால் உணவு இருக்கிறது! உணர்வு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்து இரண்டில் எதையும் தீர்மானிக்க முடியாது. புதர் சலசலப்பைக் காட்டிக் கடவுள் இல்லை என்று நிரூபிக்க முடியாது, உண்டு என்றும் நிரூபிக்க முடியாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வகுப்பறையில் இது நட்பையே உடைக்கிறது. உயர்நிலை மூன்றில் படித்த ஒரு மாணவி, தாத்தா இறந்த வாரத்தில், அவர் படத்துக்கு முன்னிருந்த விளக்குச் சுடர் அசைந்ததாகவும் அவர் வந்துபோனதாகவும் சொன்னாள். "மின்விசிறிக் காற்று" என்றான் பக்கத்து மேசை நண்பன். இருவரும் இரண்டு வாரம் பேசவில்லை. இயற்பியல்படி அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவள் சுடரைப் பற்றிக் கேள்வி கேட்கவே இல்லை. தாத்தா இல்லாத வீட்டைப் பற்றித்தான் பேசினாள். அதற்குப் பதிலாக மற்றவர்கள் அவனைச் சுற்றி நின்று, "சாமி கும்பிடாதவனுக்கு நல்லது கெட்டது எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். இதுவும் அதே அளவு அநியாயம். அவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதியோர் இல்லத்துக்குப் போய் உதவுகிறவன்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 20 விழுக்காட்டினர் தங்களுக்குச் சமயம் இல்லை என்று கூறியுள்ளனர். அவர்கள் எல்லாரும் நாத்திகர்கள் என்று பொருளில்லை. ஆனாலும் அதே விகிதம் இருந்தால், 40 பேர் கொண்ட வகுப்பில் எட்டுப் பேர். பக்கத்து மேசையில் இருப்பவர் அந்த எட்டில் ஒருவராக இருக்கக்கூடும்.

இப்படி இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் போனார். நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவர். குளிரிலும் தானே சமைத்துச் சைவம் சாப்பிட்டவர். அவரை அழைத்த ஹார்டியோ கடவுளை நம்பாதவர், கல்லூரித் தேவாலய வழிபாட்டுக்குக்கூடப் போக மறுத்தவர். சூத்திரங்கள் தாயார் அருளால் கனவில் வந்தவை என்று ராமானுஜன் கூறியதாக அவருடைய நண்பர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஹார்டி அதை நம்பவில்லை. ராமானுஜனுக்கு உண்மையில் மதப்பற்று குறைவு என்றே அவர் கடைசிவரை எழுதினார். இந்திய நண்பர்கள் இதை மறுத்தார்கள். ஐந்தாண்டு பழகியும் ஹார்டி தன் நண்பரைத் தன்னைப் போலவே பார்த்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் சூத்திரம் எங்கிருந்து வந்தாலும் நிரூபணம் வேண்டும் என்பதில் ஹார்டி விட்டுக்கொடுக்கவில்லை. பகா எண்களைப் பற்றி ராமானுஜன் கடிதத்தில் எழுதியவற்றில் சில தவறு என்பதை அவர் மறைக்கவும் இல்லை. பக்தியைக் கேலி செய்து அவற்றைத் தள்ளவில்லை, பக்தியை மதித்து அவற்றைச் சரி என்று சொல்லவும் இல்லை. ராமானுஜனும் நிரூபணத்தைக் கற்றுக்கொண்டார், பூசையை விடவில்லை.

1918இல் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓர் எண்ணைச் சிறு எண்களின் கூட்டாக எத்தனை விதமாக எழுதலாம் என்பதே கேள்வி. 4 என்றால் அந்த எண்ணையும் சேர்த்து ஐந்து விதம், விரலிலேயே எண்ணலாம். 200 என்றால்? மக்மஹோன் என்ற கணிதவியலாளர் பொறுமையாகக் கையால் கணக்கிட்டார். 3,972,999,029,388 என்று வந்தது. ஹார்டி-ராமானுஜன் சூத்திரத்தில் எட்டு உறுப்புகளை மட்டும் கூட்டியபோது கிடைத்த விடை 3,972,999,029,388.004.