தாகங்கொண்ட கரும்பு

வெயில் காய்கின்றது, வாய்க்காலில் நீரில்லை. மனிதனாயின் நிழலை நாடுவான். மாடாயின் குளத்தைத் தேடிச் செல்லும். வேரூன்றி நிற்கும் கரும்போ ஓரடியும் பெயர இயலாது. நின்ற இடத்திலேயே அது வறட்சியை எதிர்த்தல் வேண்டும். நரம்பென்று ஒன்றில்லாத செடி, நீர் குறைந்த செய்தியைத் தன் உறுப்புக்களுக்கு எவ்வாறு அறிவிக்கின்றது? இவ்வினாவிற்கு விடையாய் அமைவன ஓமோன்கள் எனப்படும் நுண்ணிய இரசாயனத் தூதுவர்கள்.

தாவர ஓமோன்கள் பல. ஒட்சின், கிபரெலின், சைற்றோகைனின் என்பன வளர்ச்சியைத் தூண்டுவன. வறட்சிக் காலத்தில் முதன்மை பெறுவது அப்சிசிக்கமிலம். 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் பருத்திக் காய்கள் உதிர்வதை ஆராய்ந்த அடிக்கொற் என்பாரின் குழுவினரும், வேல்சில் மரங்களின் குளிர்கால உறக்கத்தை ஆராய்ந்த வேறிங் என்பாரின் குழுவினரும் இதனைத் தனித்தனியே கண்டனர். இரு சாராரும் கண்டது ஒரே பொருளென்பது 1965இல் தெளிவாயிற்று.

மண் உலர்ந்ததும் இவ்வமிலம் செடியிற் பெருகுகின்றது. அதன் முதல் வேலை இலைவாய்களை மூடுவதாகும். இலைவாயின் இருபுறமும் உள்ள காவற்கலங்களிலிருந்து பொற்றாசியம் முதலிய உப்புக்கள் வெளியேற, அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகின்றது. கலங்கள் தளர்ந்து வாயில் அடைபடுகின்றது. இது சில நிமிடங்களில் நிகழ்வது.

இரண்டாவது வேலை சற்றுத் தாமதமாக நிகழ்வது, ஆயினும் ஆழமானது. அது பரம்பரையலகுகளைத் துயிலெழுப்புவது. நூல்நிலையத்தில் நூல்கள் ஆயிரம் இருப்பினும் வேண்டிய வேளையில் வேண்டிய நூலையே விரிக்கின்றோம் அல்லவா? அவ்வாறே கலமொன்றிற் பரம்பரையலகுகள் அனைத்தும் இருப்பினும் சிலவே ஒரு வேளையிற் செயற்படுகின்றன. வறட்சிக்குரிய ஏட்டைத் திறப்பது யார்?

இதன் வழி 2009இல் விளக்கம் பெற்றது. அமைதியான காலத்தில், ஏவற்புரதம் ஒன்றை வேறொரு தடைப்புரதம் செயலற்றதாக வைத்திருக்கின்றது. அப்சிசிக்கமிலம் தன்னை ஏற்கும் புரதத்தில் வந்து பொருந்தியதும், அவ்வேற்புரதம் தடைப்புரதத்தைப் பற்றிக்கொள்கின்றது. தடை நீங்கவே ஏவற்புரதம் விடுதலை பெற்று, பரம்பரையலகுகளை இயக்கும் புரதங்களைத் தூண்டுகின்றது. இவை உரிய பரம்பரையலகின் முகப்பிலே சென்று அமர, அது தொழிற்படத் தொடங்குகின்றது. கடுகினத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியில் விரிவாக அறியப்பட்ட இவ்வமைப்பின் உறுப்புக்கள் கரும்பிலும் காணப்படுகின்றன.

அதன் பயனாகக் கலங்களைக் காக்கும் புரதங்கள் தோன்றுகின்றன; நீரைப் பிடித்து வைக்க உதவும் புரோலின் போன்ற பொருள்கள் திரள்கின்றன; வறட்சியால் விளையும் நச்சு ஒட்சிசன் பொருள்களை அழிக்கும் நொதியங்களும் மிகுகின்றன.

கரும்பின் பரம்பரையலகுகளைப் பெருமளவில் ஆராய்ந்த நாடு பிரேசில். சாவோ பவுலோ மாநிலத்து அறிஞர்கள் 1990களின் இறுதியில் அப்பணியைத் தொடங்கினர். 2007இல் வெளிவந்த ஆய்வொன்றில், கரும்புக்கு அப்சிசிக்கமிலமும், காயமுற்ற செடிகளில் உண்டாகும் யசுமோனேற்று வகைப் பொருளும் அளிக்கப்பட்டன. வறட்சி, பொசுபேற்றுக் குறைவு, தண்டு துளைக்கும் புழு ஆகியவற்றின் விளைவுகளும் உடன் ஆராயப்பட்டன. ஓமோன்களின் பாதைகள் தனித்தனிக் கால்வாய்களல்ல. ஒன்றன் நீர் மற்றொன்றிலும் கலக்கும் வலைப்பின்னலாகவே அவை அமைந்துள்ளன.

இவ்வாராய்ச்சி எளிதன்று. இக்காலக் கரும்பு, இனிப்பு மிக்க கரும்பினமும் வன்மை மிக்க காட்டினமும் கலந்த கலப்பினம். 1912இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையம் இத்தகைய கலப்பில் முன்னோடியாய் விளங்கியது; அங்கு உருவான கோ 205 என்னும் வகை 1918இல் உழவர்க்கு வழங்கப்பட்டது. இக்கலப்பினங்களின் கலமொன்றில் நூறுக்கு மேற்பட்ட நிறமூர்த்தங்கள் உள. ஒரே பரம்பரையலகு பல படிகளாக அமைந்திருப்பதால், ஒன்றை மாற்றினும் ஏனையவை தம் தொழிலைத் தொடரும். ஆர் 570 என்னும் வகையின் பரம்பரை அமைப்பு விரிவாக வெளியிடப்பட்டது 2024இலேதான்.

இவற்றை அறிவதால் உழவனுக்கு யாது பயன்? இலைவாயை அடைத்தால் நீர் மிஞ்சும், ஆனால் கரியமிலவாயு உட்புகாது, உணவாக்கம் குன்றும். தண்டு நீண்டு வளரும் பருவத்தில் இந்நிலை நீடிப்பின் கணுவிடைகள் குறுகி விளைச்சல் வீழும். அறுவடைக்குச் சில வாரங்களுக்கு முன்போ, உழவர் தாமே நீரை நிறுத்துகின்றனர். அப்போது வளர்ச்சி தணிய, சீனி தண்டில் திரள்கின்றது. ஒரே தாகம் ஒரு பருவத்தில் நட்டமாகவும் மற்றொரு பருவத்தில் இலாபமாகவும் முடிகின்றது.

ஆதலால் வறட்சி கண்டவுடன் வாயிலை இறுக அடைத்து வளர்ச்சியை முற்றாக நிறுத்திவிடும் கரும்பு உயிர் பிழைக்கலாம், ஆலைக்குப் பயன்படாது. அளவறிந்து அடைத்து, மழை கண்டதும் விரைந்து தளிர்க்கும் கரும்பே உழவனுக்கு வேண்டுவது. அவ்வளவை நிர்ணயிக்கும் ஓமோன்களையும் பரம்பரையலகுகளையும் இனங்கண்டு, அவற்றைத் துணையாகக் கொண்டு நல்ல நாற்றைத் தெரிவு செய்வதே இன்றைய ஆய்வாளரின் நோக்கமாகும்.