'ஆமை வேகம் தானே'னு அசால்ட்டா இருக்காதீங்க... தப்பித்த வளர்ப்பு ஆமையை தேடுவது எப்படி?

பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் நாய், பூனை மாதிரியே நில ஆமைகளையும் பலர் வீட்டில் வளர்க்கிறார்கள். வெயில் காலம் வந்ததும் ஆமையை தோட்டத்தில் விடுவது வழக்கம். போன் வந்தது என்று உள்ளே போய்விட்டு திரும்பினால், ஆமையை காணோம்! இப்படி தப்பிக்கும் ஆமை எங்கே போகும்? அதை எப்படி கண்டுபிடிப்பது?

ஆமை அவ்வளவு வேகமா?

உலகின் வேகமான ஆமை என்று 2014ல் கின்னஸ் சாதனை படைத்தது இங்கிலாந்தின் 'பெர்டி'. அதன் வேகம் நொடிக்கு 0.28 மீட்டர். அதாவது நிமிடத்துக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். எல்லா ஆமையும் இப்படி ஓடாது. ஆனால் அதில் பாதி வேகத்தில் நடந்தாலே பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டை தாண்டிவிடும். வெயிலில் உடம்பு சூடேறிய ஆமை நாம் நினைப்பதை விட சுறுசுறுப்பானது.

ஏன் தப்பிக்கிறது?

வளர்ப்பவர் மீது கோபம் எல்லாம் இல்லை. இனப்பெருக்க காலத்தில் ஆண் ஆமை துணையை தேடி அலையும். பெண் ஆமை முட்டையிட தோதான மண்ணை தேடும். கம்பி வலை வேலி என்றால் மறுபக்கம் கண்ணுக்கு தெரியும். தெரிகிற இடத்துக்கு போயே தீருவேன் என்று முட்டிக்கொண்டே இருக்கும். சில ஆமைகள் வேலியின் மூலையில் ஏறிவிடும். ஆப்பிரிக்காவை சேர்ந்த சுல்காட்டா ஆமை வேலிக்கு அடியில் குழி தோண்டியே வெளியேறிவிடும்.

முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்யணும்?

* கேட்டை மூடுங்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லி, காருக்கு அடியில் பார்க்காமல் யாரும் வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

* புல் வெட்டும் மெஷினை நிறுத்துங்கள். உயரமான புல்லுக்குள் இருக்கும் ஆமை கண்ணுக்கே தெரியாது. சருகு குவியலுக்கு தீ வைக்கவும் கூடாது. அதற்குள் ஆமை புகுந்திருக்கலாம்.

* குளம், நீச்சல் குளம், தண்ணீர் தொட்டி இருந்தால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். நில ஆமைக்கு நீந்த தெரியாது. விழுந்தால் மூழ்கிவிடும்.

எங்கே தேடணும்?

'தப்பித்துவிட்டது' என்று தெருவுக்கு ஓடும் முன் தோட்டத்தையே ஒரு முறை அங்குலம் அங்குலமாக பாருங்கள். பல நேரம் ஆமை வெளியே போயிருக்கவே போயிருக்காது. புதர் அடி, ஷெட்டுக்கு கீழே, பூந்தொட்டி இடுக்கு, சருகு குவியல், புதிதாக கிளறிய மண் என எதையும் விடக்கூடாது. நின்றபடி பார்த்தால் தெரியாது. குனிந்து, ஆமையின் உயரத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

தடுப்பு ஏதாவது குறுக்கே வந்தால் ஆமை பெரும்பாலும் அதை ஒட்டியே நடக்கும். அதனால் சுவர், வேலி ஓரமாக போய் தேடுங்கள். எங்கே ஓட்டை இருக்கிறதோ, அங்கிருந்து வெளியே தேடலை தொடங்கலாம்.

எந்த நேரம் சரி?

ஆமையால் தன் உடல் சூட்டை தானே உண்டாக்க முடியாது, வெயிலைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் காலை வெயில் ஏறும் நேரத்தில் வெளியே வந்து குளிர் காயும். உச்சி வெயிலில் நிழலுக்குள் ஒதுங்கும். சாயங்காலம் மறுபடி நடமாடும். இருட்டினால் ஒரு இடத்தில் முடங்கிவிடும்.

இரவு முழுக்க டார்ச் அடித்து அலைவதை விட, மறுநாள் காலை வெயில் விழும் இடங்களை பார்ப்பது பலன் தரும். சத்தம் போடாமல் நின்று கேட்டால் சருகு மிதிபடும் ஓசையே காட்டிக்கொடுக்கும். தக்காளி, ஸ்ட்ராபெர்ரி போல பளிச்சென்ற நிறமுள்ள உணவை திறந்த இடத்தில் வைத்தும் பார்க்கலாம்.

அக்கம் பக்கத்தில் சொல்வது முக்கியம். ஓட்டின் மேல் பகுதி, அடிப்பகுதி இரண்டின் போட்டோவும் கையில் இருந்தால் அடையாளம் காட்டுவது சுலபம். கால்நடை மருத்துவமனை, விலங்கு காப்பகங்களிலும் சொல்லி வையுங்கள். மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் அதன் எண்ணையும் கொடுங்கள்.

எத்தனை நாள் தேடலாம்?

சீக்கிரம் கைவிட வேண்டாம். சாப்பாடு இல்லாமல் ஆமை பல நாட்கள் தாங்கும். பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் 1982ல் காணாமல் போன 'மானுவேலா' என்ற வளர்ப்பு ஆமை, 2013ல் அதே வீட்டின் பழைய சாமான் அறையில் உயிரோடு கிடைத்தது உலகம் முழுக்க செய்தியானது.

ஆனால் நாய், நரி, சாலை, குளிர் எல்லாமே ஆபத்துதான். கிடைத்ததும் ஓட்டில் கடித்த தடம், விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆழமில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் நிற்க வைத்தால் நீர் குடிக்கும். காயம் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்தவர் ஆமை உங்கள் கண்ணில் பட்டால்?

இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. தமிழில் நிலத்தில் வாழ்வதும் ஆமை, நீரில் வாழ்வதும் ஆமை. அதனால் 'பாவம், தண்ணீரை விட்டு வந்துடுச்சு' என்று நில ஆமையை குளத்திலோ கிணற்றிலோ விட்டால், அது உயிரிழக்கும். குவிந்த மேடான ஓடும், யானைக்கால் போன்ற தடித்த கால்களும் இருந்தால் அது நில ஆமை.

நம்ம ஊர்ல ஆமை வளர்க்கலாமா?

நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது குற்றம். வன உயிரின பாதுகாப்பு சட்டத்தின் 2022 திருத்தத்துக்கு பிறகு அது முதல் அட்டவணையில் இருக்கிறது. மீறினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. சுல்காட்டா போன்ற வெளிநாட்டு ஆமை வைத்திருப்பவர்கள் அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

தெருவில் நட்சத்திர ஆமை தென்பட்டால் வீட்டுக்கு கொண்டு போகாதீர்கள். நாய், வண்டி அண்டாமல் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்கு தகவல் சொல்லுங்கள்.