பழைய கொலு பொம்மைக்கு நீங்களே பெயிண்ட் அடிக்கலாமா? கடலோர வீடுகளில் கவனிக்க வேண்டியது என்ன?

நவராத்திரி நெருங்கும்போது பரணில் இருந்து பெட்டியை இறக்கிப் பார்த்தால், மூக்கு உதிர்ந்த தசாவதாரம், நிறம் மங்கிய செட்டியார் பொம்மை... பல வீடுகளில் இதுதான் நிலைமை. பாட்டி காலத்து பொம்மையைத் தூக்கிப்போடவும் மனசு வராது.

நாமே பெயிண்ட் அடிக்கலாமா? தாராளமா அடிக்கலாம். ஆனா ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என கடலை ஒட்டி இருப்பவர்கள் ஈரக்காற்றையும் கணக்கில் எடுத்துக்கணும்.

ஈரக்காற்று என்ன செய்யும்?

அக்ரிலிக் பெயிண்டில் உள்ள தண்ணீர் ஆவியானால்தான் அது காயும். காற்றில் ஈரப்பதம் அதிகமா இருந்தா, இது தாமதமாகும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். அடியில் ஈரம் இருக்கும். அதன்மேல் அடுத்த கோட் அடிச்சா, திட்டுத்திட்டாகிடும். மண், காகிதக்கூழ் பொம்மைகள் ஈரத்தையும் உறிஞ்சும். அந்த ஈரத்தோடு பெயிண்ட் அடித்தால், பிறகு கொப்பளித்து உரியலாம்.

அதனால் கடைசி வாரம் வரை காத்திருக்காம ஆவணியிலேயே தொடங்குங்க. ஒரு நாளுக்கு ஒரு கோட் போதும்.

பழைய பெயிண்டில் என்ன ஆபத்து?

பழைய பெயிண்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டு உபயோக பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

எனவே பழைய பொம்மையை உப்புத்தாளால் தேய்க்காதீங்க. தூக்கி நிற்கும் பெயிண்டை, தண்ணி கலந்த வெள்ளைப் பசையால் ஒட்டிடுங்க. உதிர்ந்த துகளை ஈரத்துணியால் துடைத்து எடுங்க. இந்த வேலையின்போது குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

எப்படி அடிப்பது?

* மண் பொம்மையைக் கழுவக்கூடாது. காய்ந்த, மென்மையான பிரஷால் தூசி தட்டினால் போதும்.

* வெள்ளை பிரைமரை மெல்லிசா பூசுங்க. மழை நாளில் ஸ்ப்ரே பிரைமர் வேண்டாம். பொருபொருவென வெளுத்துப் போகலாம்.

* பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, 2 அல்லது 3 கோட் அடிங்க. கெட்டியா ஒரே கோட் அடிச்சா புடவை மடிப்பும் விரல்களும் மூடிப்போகும்.

* கல்யாண செட், கிரிக்கெட் செட் போன்ற குட்டி பொம்மைகளை, இரட்டைப் பக்க டேப்பால் பாட்டில் மூடியில் ஒட்டிப் பிடிச்சுக்கோங்க. எல்லா பொம்மைக்கும் ஒரே நிறத்தை முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்க. டேபிள்டாப் விளையாட்டு உருவங்களுக்கு பெயிண்ட் அடிப்பவர்களும் இப்படித்தான் செய்றாங்க.

* மடிப்புகள் எடுப்பாகத் தெரிய, நீர்த்த அடர்பழுப்பு நிறத்தைப் பள்ளங்களில் ஓடவிடுங்க. காய்ந்ததும், வெளிர் நிறம் தொட்ட பிரஷைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு மேடுகளில் மட்டும் உரசுங்க.

* கண்ணும் உதடும் கடைசியில். மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கோங்க. முதலில் காகிதத்தில் நாலைந்து கண் வரைந்து பழகுங்க.

* எல்லாம் முழுசா காய்ந்த பிறகே வார்னிஷ்.

முகத்தில் கை வைக்கப் பயமா இருக்கா? புரசைவாக்கம் பக்கத்தில் உள்ள கொசப்பேட்டை, தலைமுறைகளாகப் பொம்மை செய்யும் குடும்பங்கள் வாழும் இடம். அங்கே விசாரித்துப் பாருங்க. உடையையும் பீடத்தையும் மட்டும் நீங்க முடித்துக்கொள்ளலாம்.