பூச்சிப்பல்லும் பாற்பல்லும்

குழந்தையரின் பல்லைக் குறித்துத் தமிழ் மக்கள் பெரிதும் வழங்குவன பூச்சிப்பல், பாற்பல் என்னும் இரு சொற்கள். காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத் வட்டாரமும் இதற்கு விலக்கன்று. இச்சொற்கள் பொருளை உணர்த்துவதோடு, அப்பொருளைப் பற்றிய ஒரு கருத்தையும் உடன் உணர்த்துகின்றன. அக்கருத்து மெய்தானா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

புழு குடைந்த கத்தரிக்காயைச் சொத்தை என்கின்றோம். குழி விழுந்த பல்லையும் சொத்தை என்கின்றோம். தோற்றத்தில் கண்ட ஒப்புமையால் காரணமும் ஒன்றே எனக் கொண்டமையாற் பூச்சிப்பல் என்னும் வழக்குப் பொருத்தமாகத் தோன்றிற்று. இந்நம்பிக்கை நமக்கே உரியதன்று. பண்டைப் பாபிலோனியரும் பற்புழு உண்டென நம்பினர். பிரெஞ்சு மருத்துவர் பியேர் போஷார் 1728-இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்க, அவ்வமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கின்றது என்பதை மில்லர் என்னும் அறிஞர் 1890-இல் விளக்கினார். எனவே, பூச்சி எடுத்தலாற் பயனில்லை. இனிப்பை எவ்வளவு உண்டனர் என்பதோடு, நாளில் எத்தனை முறை உண்டனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், இனிப்பூட்டிய பாற்புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்கவிடுதல் பெருங்கேடாம்.

இனி, பாற்பல் என்னும் சொல்லைக் காண்போம். விழுந்து முளைக்கும் பல்தானே என்னும் புறக்கணிப்பு இச்சொல்லோடு ஒட்டியுள்ளது. ஆறாம் திங்களளவில் தோன்றத் தொடங்கும் பாற்பற்கள் மூன்றாண்டளவில் 20 ஆகின்றன. அவற்றுள் கடைவாய்ப்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நின்று, பின்வரும் பற்களுக்கு இடங்காக்கின்றன. அவை முன்னரே வீழின், அண்டைப் பற்கள் சாய்ந்து வரிசை கெடும். அன்றியும், ஆறாம் வயதளவில் கடைவாயில் முளைக்கும் பெரும்பல், எப்பல்லும் விழாமலே தோன்றுவது. அதனையும் பாற்பல்லென மயங்கி விடுவார் பலர். அஃது இழக்கப்படின் மீண்டும் முளையாது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் பெற்றோர் முறைப்பணி புரியும் இல்லங்களில், இரவில் பல் துலக்குவிப்பார் யார் என்பதை முன்னரே வரையறுத்தல் நன்று. ஏழெட்டு வயதுவரை பெரியவரே காலையும் இரவும் துலக்கிவிடுதல் வேண்டும். புளோரைடு கலந்த பற்பசை, மூன்று வயதிற்குட்பட்டார்க்கு ஓர் அரிசியளவும், அதன்மேல் ஆறுவயது வரையுள்ளார்க்குப் பட்டாணியளவும் போதும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி, அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் மருத்துவக்குழு நடத்தும் சோதனையில் பல்நோயும் அடங்கும். அதனைப் பெற்றோர் பயன்கொள்க.

வழக்கில் ஊன்றிய சொற்களை நீக்குதல் எளிதன்று, வேண்டுவதும் அன்று. பூச்சிப்பல் என்புழிப் பூச்சியின்மையையும், பாற்பல் என்புழி அதன் அருமையையும் உணர்த்துதலே வேண்டுவது. சொற்பொருள் கற்பிக்கும் நாம் அப்பணிக்குப் புறம்பானவர் அல்லேம்.